எடுத்துட்டுப் போறாங்க

எங்கள் ஆபீசில் எதுவும் சும்மா விழுந்துவிட முடியாது. விழுந்தால் அக்கா கேட்பாள், "எப்படி?"

ஒருநாள் மாடிப்படியில் என் சாப்பாட்டு டப்பா கைநழுவிப் போய்விட்டது. ரசச் சாதம். பசி வேறு. "ஐயோ, எல்லாம் விழுந்துடுச்சுக்கா" என்று அழாத குறையாக மேலே வந்து நிற்கிறேன். அடடா என்று ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"எப்படி விழுந்துச்சு? டப்பா உருண்டுச்சா, கவுந்துச்சா? சாதம் கொட்டுச்சா, சிந்துச்சா?"

"கொட்டினா இன்னா, சிந்தினா இன்னா? போச்சு இல்ல?"

"கொட்டினா மொத்தமும் போச்சு. சிந்தினா மிச்சம் இருக்கும். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. எரிச்சலோடு அதைத் தின்றேன். அக்கா தன் டப்பாவிலிருந்து கத்திரிக்காய்ப் பொரியலை என் மூடியில் வைத்துவிட்டு, கேட்டதற்கு நான் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் செட்டில் அவளுக்கு 'எப்படிக்கா' என்றுதான் பெயர். நிஜப் பெயரை நான் எழுதப்போவதில்லை. வேலையோ, வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற வீடியோத் துண்டுகளைப் பார்த்து, அதில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் ஒட்டுவது. கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்கிறோம் என்று எங்கள் லீட் கோகுல் பெருமையாகச் சொல்வான். திருப்பூர்க்காரன். லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ். மத்தியானம் ஆனால் கீழேயிருந்து பன் வாசனை ஏறிவந்து தூக்கத்தைக் கொண்டுவரும். நான் ஜீவனஹள்ளி, பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான், கன்னட ஊரில் ஒரு தமிழ்த் தெரு. அக்கா ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் மாறி வருவாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எதைக் கொடுத்தாலும் அடியில் ஒரு கை கொடுத்துத்தான் வாங்குவாள். பேனாவைக்கூட அப்படித்தான்.

இந்த 'எப்படி'யாவது பரவாயில்லை, பழகிவிட்டது. இன்னொன்று இருந்தது, அதுதான் மானத்தை வாங்கும். ஆட்டோக்காரர், சோளம் சுடுகிற அம்மா, பேக்கரியில் மாவு பிசைகிறவர், யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்திக் கேட்பாள்.

"ஏம்ப்பா, ஸ்கூலுக்குப் போற வயசுப் பிள்ளைய ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டுபோனா, உங்க வீட்ல அதுக்கு இன்னா சொல்வீங்க?"

"இட்டுக்கினு போறோம்னு சொல்வோம்." எங்கள் பக்கத்துப் பேச்சு அது. கோகுல் ஊரில் கூட்டிட்டுப் போறோம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

"எடுத்துட்டுப் போறோம்னு சொல்ல மாட்டீங்க இல்ல?"

"சீச்சீ. பிள்ளை இன்னா கேஸ் சிலிண்டரா, எடுத்துட்டுப் போறதுக்கு?"

அக்கா முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள். பசியோடு இருந்தவள் ஒரு வாய் சோறு தின்றதுபோல இருக்கும். மறுநாள் இன்னொரு ஆளைப் பிடித்து அதையே கேட்பாள். நான் அவள் முந்தானையை இழுத்து, "பைத்தியம்னு நெனப்பாங்க, வாக்கா" என்பேன். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன்.

ஒரு சாயங்காலம் பஸ் வரவே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டாப்பில் நாங்கள் இரண்டே பேர். அன்று அவள் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவரை மடக்கிக் கேட்டிருந்தாள், அவர் முறைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்குக்கா இதையே கேக்கற? உனக்கு இன்னாதான் வேணும்?"

உடனே சொன்னாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்ததுபோல் சொன்னாள்.

"எனக்குப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சுடி. மூணாங்கிளாஸ். சாதா காய்ச்சல்னுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். உள் வார்டுல என்ன விடல. கதவுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். காக்கிச்சட்டை போட்ட ஆளு ஒருத்தன் கதவத் தள்ளிக்கினு வந்தான். 'அம்மா, பாப்பாவ எடுத்துட்டுப் போறாங்க'ன்னான்."

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரியும். கைக்குழந்தையை எடுப்போம், இடுப்பில் வைப்போம், கொஞ்சுவோம். நடக்கிற பிள்ளையை, வளர்ந்த மனுஷரை எடுத்துக்கொண்டு போவது ஒரே தடவைதான். சாவு வீட்டு வாசலில் நின்று 'எப்ப எடுக்கறீங்க?' என்றுதானே நாம் எல்லோரும் கேட்கிறோம்.

"அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. தலையில அடிச்சுக்கினு தரையில உருண்டிருக்கேன். யார் யாரோ தூக்கிக்கினு போய் வாசல் கேட்டாண்ட போட்டு மூஞ்சில தண்ணி அடிச்சாங்க. எழுந்து உள்ள போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. அப்பவே போயிடுச்சும்மா, நீ இருந்தும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"அதான் சொல்லிட்டாங்களேக்கா."

"அந்த ஆளு சும்மா சொன்னான்டி. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. பொணத்தப் பத்தி ஒரு தாய்கிட்ட அப்படியா சொல்வாங்க? அவன் தமிழ் நம்ம தமிழ் இல்ல. கன்னடமோ, உருதுவோ, எது மேலயோ தமிழப் போத்திக்கினு பேசினான். ஸ்கேனுக்கு இட்டுக்கினு போறாங்கன்றதத்தான் அவன் எடுத்துட்டுப் போறாங்கன்னு சொல்லியிருந்தா? அவ உசுரோட என் எதிர்லயே போயிருந்தா? கதவு தொறந்தா மொதல்ல என்னத்தான தேடியிருப்பா?"

இதுதான் விஷயம். அவன் சொன்னது நம் எடுத்தல் என்றால் பிள்ளை அப்போதே இல்லை. தாய் எதையும் தவறவிடவில்லை. அவன் சொன்னது வேறு ஏதோ பாஷையின் எடுத்தல் என்றால் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு அந்தத் தாழ்வாரத்தைக் கடந்து போயிருக்கிறாள், பெஞ்சு காலியாக இருந்திருக்கிறது. அக்கா ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்.

"அந்த ஆஸ்பத்திரியிலயே போய்க் கேட்டுடலாமே?"

"கேட்டா சொல்லிடுவாங்களே" என்றாள்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

சாவு வீட்டுக்கும் அவள் முழுசாகப் போகமாட்டாள். தெருமுனை வரைக்கும் வருவாள், அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டாள். பேக்கரி முதலாளியின் அம்மா தவறியபோது நாங்கள் எல்லோரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். அக்கா முனையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து யாரோ "எப்ப எடுக்கறீங்க?" என்று உரக்கக் கேட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

அப்புறம்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு வேலை வந்தது. சாமான்களைத் தூக்கி வைக்கிற இயந்திரக் கை ஒன்றைப் பழக்குகிறார்களாம். மேஜைமேல் ஒரு மனுஷக் கை எதையாவது எடுக்கும், வைக்கும், போடும். எந்த மாதிரிப் பொருள், எப்படி நகர்ந்தது என்று நாங்கள் குறிக்க வேண்டும். கோகுல் எங்களைக் கூட்டி உட்காரவைத்து, வந்திருந்த குறிப்பைப் படித்தான்.

"அமெரிக்காவுல நவஹோன்னு பூர்வகுடிங்க இருக்காங்க. அவங்க பாஷைய வச்சுத்தான் இந்த வகையெல்லாம் பிரிச்சிருக்காங்க."

"நவகிரகம் மாதிரியா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. அவங்க பாஷைல 'எடு', 'கொடு'ன்னு பொதுவா ஒரு சொல் கிடையாது. பொருள் எப்படி இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி வினையோட வேரே மாறிடும். உருண்டையா கெட்டியா இருந்தா ஒரு வேரு. குச்சி மாதிரின்னா வேற. கயிறுக்கு வேற, துணிக்கு வேற. மாவு, சேறு மாதிரி கொழகொழன்னு இருந்தா வேற. பாத்திரத்துல தளும்பத் தளும்ப இருந்தா அதுக்குன்னு ஒண்ணு. பஞ்சுக்கு ஒண்ணு, மூட்டைக்கு ஒண்ணு, உயிருள்ளதுக்கு ஒண்ணு. அதுலயும் கையால பதமா எடுத்தா ஒரு மாதிரி, விட்டெறிஞ்சா ஒரு மாதிரி, தானா விழுந்தா ஒரு மாதிரி."

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி அக்காவைப் பார்த்தோம். நஸ்ரீன்தான் முதலில் வாய் திறந்தாள். எங்கள் செட்டிலேயே வாயாடி அவள்தான், டேனரி ரோட்டுப் பக்கம் வீடு. "எப்படிக்கா! ஒங்க ஊர்க்காரங்க கெடச்சுட்டாங்க!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அக்காவும் சிரித்தாள். அவள் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வேலை அவளுக்காகவே வந்ததுபோல் இருந்தது. சப்பாத்தி மாவு உருண்டையாக இருக்கும்போது எந்த வகை, தேய்த்துவிட்டால் எந்த வகை என்று கோகுலோடு மல்லுக்கு நிற்பாள். சீப்பில் சிக்கிய முடியைப் பஞ்சு வகையில் சேர்ப்பாள். குடித்துவிட்டுக் கிடக்கிற ஆளை அந்த ஊரில் கேலிக்குச் சேற்றுக்கான வேரைப் போட்டுப் பேசுவார்களாம் என்று கோகுல் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னான்.

"அப்போ சம்பள நாள்ல எங்கப்பாவுக்கு அந்த வேருதான்" என்றேன். எங்கள் அப்பாவை நாங்கள் தெருவிலிருந்து வழித்தெடுக்காத குறையாக அள்ளிவந்த நாட்கள் உண்டு.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதடி. எப்படிக் கெடந்தாலும் ஆளு ஆளுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒருநாள் நாங்கள் குறித்தது கொத்தாகத் திரும்பி வந்தது, எல்லாம் தப்பு என்று. ஒரு கை ஒரு தட்டிலிருந்து பொம்மையை எடுத்து அடுத்த தட்டில் வைக்கிற வீடியோக்கள். பிளாஸ்டிக் பொம்மைதானே, கெட்டிப் பொருள் என்று எல்லோரும் போட்டிருந்தோம். கோகுல் குறிப்பைத் தேடிப் பிடித்துப் படித்தான்.

"உயிருள்ளதுங்கற வகையில வர்றது: மனுஷன், ஆடுமாடு, பூச்சி, புழு, பொம்மை."

"பொம்மைக்கு ஏதுப்பா உயிரு?" என்றாள் நஸ்ரீன்.

"அவங்க கணக்குல அப்படி. அப்புறம்... பொணமும் இதுலதானாம். செத்தப்புறமும் அதே வேருதான். நமக்கு அது தேவையில்ல, விடுங்க."

"கோகுல்." அக்கா எழுந்து நின்றிருந்தாள். "இன்னொருவாட்டி படி."

படித்தான்.

"மாறாதா?"

"மாறாதுக்கா. ஆடு உயிரோட இருந்தாலும் அதே வேரு, செத்தாலும் அதே வேரு."

"மனுஷன்?"

"மனுஷனும்தான்."

அந்த வேர் எப்படி ஒலிக்கும் என்று கேட்டாள். கோகுல் எங்கேயோ தேடி ஒலிக்கவிட்டான். மூக்கால் சொல்கிற 'டீ' மாதிரி இருந்தது எனக்கு. நஸ்ரீன், "கீழ சொல்லவா, எத்தன டீ?" என்றாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பொம்மை வீடியோ எது வந்தாலும் தனக்கே அனுப்பச் சொன்னாள். கை வரும், பொம்மையை எடுக்கும், அடுத்த தட்டில் வைக்கும். அவள் அடுத்ததற்குப் போகமாட்டாள். மறுபடி ஓடவிடுவாள். உதடு மட்டும் அசையும். ஒருதரம் டீ கொண்டுபோனேன். பொம்மை திரையில் பாதி தூக்கிய நிலையில் நின்றிருந்தது, அக்கா அதற்கு மூக்கால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நஸ்ரீனின் பெண் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் யாருமில்லை போலிருக்கிறது. நஸ்ரீன் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டாள். அவர் தமிழ்க்காரர்.

"அண்ணா, பாப்பாவ ஸ்கூல்லருந்து எடுத்துட்டு இங்க ஆபீசுக்கே வந்துடுங்க. ஹவ், ஆமா, மேல வரைக்கும்."

நான் கவனிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக அவள் அப்படித்தான் பேசுகிறாள், ஒருநாள்கூட யாரும் கவனித்ததில்லை. பக்கத்து சீட்டில் கீபோர்டு சத்தம் நின்றதுதான் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தடதடவென்று படியேறி வந்தது. தண்ணீர் பாட்டில் கழுத்தில் தொங்க, ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்திருந்தது. அக்கா எழுந்து போய் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒன்ன யாரு கொண்டாந்து உட்டாங்க?"

"ஆட்டோ அங்கிள்."

அக்கா நிமிர்ந்து நஸ்ரீனைப் பார்த்தாள். "அவருகிட்ட போன்ல இன்னா சொன்ன?"

"இன்னாக்கா சொன்னேன்? பாப்பாவ எடுத்துட்டு வாங்கன்னேன்."

"எடுத்துட்டா?"

"ஆமாக்கா. நாங்க வீட்ல உருதுல லேகே ஆவ்னு சொல்வோம். டிபன் பாக்ஸும் லேகே ஆவ்தான், பிள்ளையும் லேகே ஆவ்தான். தமிழ்ல எடுத்துட்டு வாதான? தப்பா சொல்ட்டனா?"

எனக்கு ஓடிப்போய் நஸ்ரீன் வாயைப் பொத்தவேண்டும்போல இருந்தது. எதற்கு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

"தப்பில்லம்மா" என்றாள் அக்கா. குனிந்து அந்தப் பெண்ணின் ஷூ நாடாவைக் கட்டினாள். ஒரு கையால் குதிகாலை அடியில் தாங்கிக்கொண்டு கட்டினாள். கட்டி முடித்த பிறகும் அந்தக் காலை விடவில்லை. குழந்தை நெளிந்ததும்தான் விட்டாள். சீட்டுக்கு வந்து சாயங்காலம்வரை வேலை பார்த்தாள். ஒரு தப்பில்லை.

பஸ் ஸ்டாப்பில் நான்தான் ஆரம்பித்தேன். "நஸ்ரீன் பேசற மாதிரியே எல்லாரும் பேசுவாங்களாக்கா? அந்த ஆளு யாரோ என்னவோ."

"அவ இருந்தாடி" என்றாள் அக்கா. "என் எதிர்லதான் போயிருக்கா. நான் தரையில கெடந்து உருண்டுக்கினு இருந்தேன்."

"அக்கா, அப்படி நெனைக்காத."

"அந்த நவஹோ பாஷையில சொல்லியிருக்கணும் அவன்." சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதுல உசுரோட இருந்தாலும் ஒரே வேரு, போனாலும் ஒரே வேரு. அவன் சொன்னத வச்சு எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தெரியாததால எழுந்து போய்ப் பாத்திருப்பேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் இரண்டு வந்து போயின. இருவரும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவள் 'எப்படி' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆட்டோக்காரர்களையும் நிறுத்துவதில்லை. டம்ளர் உடையும், ஃபைல் சரியும், சத்தம் கேட்டு எல்லோரும் அவள் சீட்டைப் பார்ப்போம். அவள் திரும்பவே மாட்டாள். ஒருநாள் பொறுக்காமல் நானே பென் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, "அய்யய்யோ, விழுந்துடுச்சு!" என்று கத்தினேன். வந்து குனிந்து பேனாக்களைப் பொறுக்கினாள், ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள், போய்விட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். முன்பு அவள் வாயை எப்போது மூடுவாள் என்று இருந்தவள்தான் நான்.

அந்த அமெரிக்க வேலை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டாள். போன் பண்ணினால் எடுப்பதில்லை. நஸ்ரீன் ஒருதரம் தன் அம்மாவைக் காட்ட அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்.

"எப்படிக்கா அங்க இருக்காங்க. அவங்க வீட்ல யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வார்டு வாசல் பெஞ்சுல சும்மா உக்காந்திருக்காங்க. யாராச்சும் அழ ஆரம்பிச்சா பக்கத்துல போய், 'மொதல்ல எழுந்திரு, உள்ள போய்ப் பாரு'ன்றாங்க. என்னயப் பாத்தாங்க. தெரியாத மாதிரி இருந்துட்டாங்க."

அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் தன் கேள்வியை அவள் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நஸ்ரீனுக்கு இன்றுவரை அந்தக் கதை தெரியாது. நான் சொல்லவில்லை.

போன வருஷம் எங்கள் அப்பா போய்விட்டார். குடியை விட்டு நல்ல மனுஷனாக நாலு நாள் இருப்போம் என்று இருந்தவர். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கி, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அப்பா. மின்மயானத்தில் நாலரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா கோலார் தங்கவயலில் இருக்கிறார், இதயத்தில் ஆபரேஷன் ஆனவர். அவரிடம் மட்டும் சீரியஸாக இருக்கிறது, கிளம்பி வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். எங்கள் வழக்கமே அதுதான், பாதியைப் போனில் சொல்வோம், மீதியை வாசலில் சாமியானா சொல்லிக்கொள்ளும்.

வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் வந்து கேட்டார்கள். "எப்பம்மா எடுக்கறீங்க?" நாலு மணிக்கு என்றேன். "எடுக்கறதுக்கு ஆளுங்க சொல்லியாச்சா?" ஆச்சு என்றேன். காலையிலிருந்து அதையே கேட்டுக்கேட்டு எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றியதுபோல் இருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வேறு எப்படிக் கேட்பார்கள்?

தற்செயலாகத் தெருமுனையைப் பார்த்தேன். அக்கா நின்றிருந்தாள். யார் சொல்லி வந்தாளோ. முடி பாதி நரைத்துவிட்டது. அங்கேயே நிற்பாள், திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். முனையிலிருந்து நடந்து வந்தாள். சாமியானாவுக்குள் நுழைந்து என் எதிரில் வந்து நின்றாள். என் இரண்டு கையையும் அடியிலிருந்து ஏந்திக்கொண்டாள்.

"அப்பாவ எப்ப இட்டுக்கினு போறீங்க?" என்றாள்.

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது. அவள் தோளில் சாய்ந்து, "நாலு மணிக்குக்கா" என்றேன். "அதுவரைக்கும் தனியா உடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு, மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. ஆட்கள் வந்து "எடுங்கப்பா, நேரமாச்சு" என்றபோது மட்டும் அவள் கை கண்ணாடியில் ஒருதரம் அழுந்தியதைப் பார்த்தேன். எழுந்து வழிவிட்டாள். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

நாங்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சித்தப்பா. இன்னும் ரயிலில்தான் இருந்தார், எங்கேயோ சிக்னலில் நிறுத்திவைத்துவிட்டார்களாம்.

"அம்மு, அண்ணன் எப்படி இருக்காரு?"

மெதுவாகச் சொல்லவேண்டும், நேரே சொல்லக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் எடுத்தாச்சு என்கிற சொல் எனக்கு வாயில் வரவில்லை. அக்கா பக்கத்தில் செம்போடு நின்றிருந்தாள்.

"நாலு மணிக்கு இட்டுக்கினு போனாங்க சித்தப்பா" என்றேன்.



"இட்டுக்கினு போனாங்களா? எந்த ஆஸ்பத்திரிக்கு?" சித்தப்பாவின் குரல் ஏறியது. "அப்போ இருக்காரு! ஏய், அண்ணன் இருக்காராம்டி!" என்று சித்தியிடம் கத்தினார். சித்தி "ஐயோ சாமி, தாயே" என்று அழுவது கேட்டது. பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் "அப்பாடா, நல்லாருப்பாரு போங்க" என்றார்கள்.

அவ்வளவும் அக்கா காதில் விழுந்தது. அவள் செம்பைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். சொல்லாதே என்றும் அவள் தலையாட்டவில்லை, சொல் என்றும் ஆட்டவில்லை. போனைப் பிடித்திருந்த என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"அம்மு? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நேரா அங்கயே வந்துடறோம்."

ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது.